பிடித்த இடத்தில் விட வேண்டிய கப்பல்

என்னை முதலில் கெடுத்தவன் எதிரி நாட்டான் இல்லை; என் மச்சினன் கொம்பையா. போர் வந்ததும் ராஜா அவனை எங்கள் துறைமுகத்துக்குத் தளபதி ஆக்கினார். அவன் தன்னைப் போலவே ஆறு பேரைத் தேடிச் சேர்த்தான். அதற்கு அவன் அதிக தூரம் அலையவில்லை.

ராஜாவின் முதல் உத்தரவு: "கடலில் கப்பல் தெரிந்தால் முதலில் பிடி, பிறகு விசாரி."

முதலில் தெரிந்தது என் கப்பல். எனக்கு இருந்த ஒரே பிழைப்பு. கருவாடு ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன்.

"டேய் கொம்பையா, நான்தான்டா!"

"தெரியுது அத்தான். கொஞ்சம் பேசாம இருங்க, இன்னும் பிடிச்சு முடிக்கல."

கயிறு வீசி, கப்பலில் ஏறி, என் கையைக் கட்டி முடித்த பிறகு விசாரித்தான்: "அக்கா சௌக்கியமா?"

போர் முடியும்வரை கப்பல் அரசாங்கத்துக்கு என்று எழுதி, என் பெருவிரலில் மை தடவி உருட்டிக்கொண்டான்.

அடுத்த உத்தரவு, எதிரிக்கு அடையாளம் தெரியாதபடி கப்பலை மாற்ற வேண்டும் என்பது. ஏழு பேரும் தார் பூசினார்கள்.

"இப்பத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது தளபதி. உங்க அத்தான் கப்பல்."

"நமக்கே தெரிஞ்சா எதிரிக்குத் தெரியாதா? இன்னும் பூசு!"

பாய், கயிறு, நங்கூரம் எல்லாம் கறுத்தன. ஐந்தாம் நாள் காலையில் கொம்பையா கரைக்கு வந்து பார்த்தான். துறைமுகத்துக்குள்ளேயே ஒரு கறுப்புக் கப்பல்! பாய்ந்து போய் அதைப் பிடித்தார்கள். காவலுக்கு அவர்களே நிறுத்தியிருந்த மாடசாமியையும் கட்டினார்கள்.

"எனக்கும் காலையிலேர்ந்து சந்தேகமாத்தான் இருந்துச்சு தளபதி" என்று மாடசாமி தானாகவே கையை நீட்டினான்.

அந்த வெற்றிக்கு ராஜா பதக்கம் கொடுத்தார். எதிரி கடைசிவரை வரவேயில்லை. அவனுக்கு என்ன அவசரம்?

போர் முடிந்ததும் உத்தரவு வந்தது: "பிடித்த கப்பலைப் பிடித்த இடத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பவும்."

"இங்கேயே குடுடா. ரெண்டாவது தடவை இங்கதான பிடிச்ச?"

"அது எதிரிக் கப்பல் அத்தான். உங்களுது நடுக்கடல்ல பிடிச்சது."

"அப்ப நானும் ஏறி வாரேன்."

"அரசாங்கக் கப்பல்ல வெளியாள் ஏறலாமா?"

ஏழு பேரும் கூடி யோசித்தார்கள். ஏறக் கூடாதாம்.

நடுக்கடலுக்குப் போய்க் கப்பலை விட்டார்கள். பிறகு வீடு திரும்ப வேண்டுமே! சாயங்காலம் அதே கப்பலில் வந்து இறங்கினார்கள்.

"விட்டுட்டோம் அத்தான்."

"அப்ப இது என்னடா?"

ஏழு பேரும் திரும்பி நெடுநேரம் பார்த்தார்கள். "இது எப்படி இங்க வந்துச்சு? சரி, காலையில கொண்டுபோய் விட்டுடுறோம்."

பதினொரு வருஷமாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்றுப் பொறுமை போய், அவர்களுக்கு முன்னால் கட்டுமரத்தில் போய் அந்த இடத்தில் காத்திருந்தேன். கப்பல் வந்தது. மேலே பேச்சுக் கேட்டது.

"அது கப்பலா தளபதி?"

"மிதக்குதுல்ல?"

கயிறு வந்து விழுந்தது. கட்டி முடித்த பிறகு கொம்பையா குனிந்து கேட்டான்: "அக்கா சௌக்கியமா?"

கப்பலோடு சேர்த்துக் கட்டுமரத்தையும் நாளைக்குக் காலையில் விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.