மாசிலாமணி எடுத்த ஓலை

ஒரு காட்டில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரங்களெல்லாம் நிமிர்ந்து நிற்குமாம். பிள்ளைகளே, நம்பாதவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கதை காத்திருக்கும்.

அந்தக் காட்டுக்கு உபதேசியார் ஒரு கூழைக்கடா. ஊர்த் தேவாலயத்து ஆலமரத்தில் பன்னிரண்டு வருஷம் குடியிருந்து, பிரசங்கம் கேட்டுக் கேட்டு வேதத்தை மனப்பாடம் செய்த பறவை. புத்தாண்டுக் காலையில் அது வசனங்களை ஓலை நறுக்குகளில் எழுதி, தன் அலகுப் பைக்குள் போட்டுக்கொண்டு வாயை ஆவென்று திறக்கும். ஆளுக்கு ஓர் ஓலை. எது கையில் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் கொடுத்த வாக்குத்தத்தம்.

கரடி ராசையா எடுத்தது. பாலும் தேனும் ஓடும் தேசம் கிடைக்கும் என்றிருந்தது. ஓலையையே ஒருமுறை நக்கிப் பார்த்துக்கொண்டது.

நரி செல்லக்கண்ணு எடுத்தது. நீ வாலாக இருக்கமாட்டாய், தலையாக இருப்பாய் என்றிருந்தது. அதற்கு முன் மூன்று ஓலைகளை எடுத்து, பிடிக்காமல், யாரும் பார்க்காதபோது திரும்பப் போட்டிருந்தது. அது வேறு விஷயம்.

பிறகு முள்ளம்பன்றி மாசிலாமணி கையை விட்டது. 'உன் பகைவன் பசித்திருந்தால் சோறு கொடு. தாகமாயிருந்தால் தண்ணீர் கொடு.'

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அது வாக்குத்தத்தம் இல்ல, கட்டளை. எப்படியோ கலந்து வந்திருச்சு," என்று வாய் நிறைய ஓலையோடு குழறியது கூழைக்கடா. "உள்ள போட்டுட்டு வேற எடுத்துக்கோ."

"எடுங்க அண்ணாச்சி," என்றது நரி. "புது வருஷமும் அதுவுமா செலவு வைக்கிற வசனம் எதுக்கு?"

மாசிலாமணிக்கும் திரும்பப் போட ஆசைதான். ஏனென்றால் தன் பகைவன் யார் என்று அது யோசிக்கவே வேண்டியதில்லை. காட்டுப்பன்றி பொன்னுத்துரை! போன ஐப்பசியில் மாசிலாமணியின் வள்ளிக்கொடிகளைக் கிளறி எறிந்து, கிழங்கைத் தின்று, வளையின் வாசலையும் இடித்துவிட்டு, ஏப்பம் விட்டுப் போன பன்றி.

ஆனாலும் மாசிலாமணி ஓலையை மடக்கி முள்ளுக்குள் செருகியது. "ஜெபம் பண்ணி எடுத்தது. மாத்த மாட்டேன்."

சித்திரை வந்தது. எப்படிப்பட்ட வெயில் தெரியுமா? ஆமை தன் ஓட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தது. ஓடை வற்றியது. மாசிலாமணியின் வளையில் எட்டே எட்டுக் கிழங்குகள் மிச்சம். மழை வரும்வரை அதுவும், மனைவி பாக்கியமும், இரண்டு குட்டிகளும் அதில்தான் உயிர்பிழைக்க வேண்டும்.

அப்போதுதான் செய்தி வந்தது: பாறை உருண்டு பொன்னுத்துரைக்குக் கால் முறிந்துவிட்டது, பள்ளத்தில் பட்டினி கிடக்கிறது.

மாசிலாமணியின் வாயில் "அல்லேலூயா" பாதிவரை வந்துவிட்டது. செருகியிருந்த ஓலை சுருக்கென்று குத்தியது. மீதியை விழுங்கிக்கொண்டது.

"ஏங்க," என்றாள் பாக்கியம் மெல்ல, "ஓலையில பகைவன்னுதானே இருக்கு? அவன் நமக்குப் பகைவன் இல்ல, அயலான்னு சொல்லித் தப்பிச்சிரலாமே?"

"அயலானுக்கு வேற ஒரு வசனம் இருக்கு, பாக்கியம். உன்னை நேசிக்கிற மாதிரியே அவனையும் நேசிக்கணுமாம். அது இதைவிடக் கஷ்டம்."

பாக்கியம் பெருமூச்சு விட்டு ஒரு கிழங்கைப் பாதியாகக் கடித்துக் கொடுத்தாள்.

முள்ளெல்லாம் சிலிர்க்க, மாசிலாமணி பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றது.

"என்னலே, செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?" என்றது பன்றி.

"கிழங்கு கொண்டுவந்திருக்கேன்."

"விஷம் வச்சிருக்கியோ?"

"வைக்கணும்னுதான் இருந்துச்சு. ஓலையில அப்படிப் போடல. தின்னு."

மறுநாளும் போனது. அதற்கு மறுநாளும் போனது. பன்றியோ நன்றி சொல்லவில்லை. "நேத்து இதைவிடப் பெருசா இருந்துச்சே" என்றது. மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த நாளும் போனது. எத்தனையாவது நாள் என்று தெரியாது, திரும்பி வரும்போதுதான் கவனித்தது: அன்று முள் சிலிர்க்கவே இல்லை.

ராசையா கரடியோ மரத்தடியில் வாயைத் திறந்து படுத்துத் தேன் ஓடிவரக் காத்திருந்தது. எறும்புதான் ஓடிவந்தது. செல்லக்கண்ணு நரி, எதிரில் வந்தவர்களையெல்லாம் தன்னைத் 'தலைவரே' என்று கூப்பிடச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

கடைசிக் கிழங்கும் தீர்ந்த காலை. குட்டிகள் தாகத்தில் அழவும் தெம்பில்லாமல் கிடந்தன. வாசலில் திம் திம்மென்று காலடிச் சத்தம். பொன்னுத்துரை! நொண்டி நொண்டி வந்து, வாசல் மண்ணை மூக்கால் கிளறத் தொடங்கியது.

"ஐயையோ, மறுபடியும் வீட்டை இடிக்கிறான்!" என்று அலறினாள் பாக்கியம்.

மாசிலாமணி முள்ளை விரித்துக்கொண்டு பாய்ந்தது.

"சும்மா நில்லுவே," என்று உறுமியது பன்றி. "தண்ணி வாசம் எனக்குத் தெரியும். போன தடவை இங்க தோண்டினப்பவே அடிச்சுது."

ஓர் ஆள் ஆழம். மண் கறுத்தது. கசிந்தது. பிறகு குபுகுபுவென்று ஊற்று பொங்கியது. குட்டிகள் மூக்குவரை முக்கிக் குடித்தன.

செய்தி பரவி, காடே திரண்டு வந்தது. முன்னால் நரி: "விலகுங்க, தலை முதல்ல குடிக்கட்டும்!"

பொன்னுத்துரை ஊற்றை மறித்து நின்று கோரைப்பல்லைக் காட்டியது. "நான் கிடந்தப்போ ஒருத்தனாவது எட்டிப் பாத்தீங்களா? ஒரு சொட்டு கிடையாது. ஓடுங்கலே!"

மாசிலாமணி முள்ளிலிருந்து ஓலையை உருவிப் பன்றியின் முன் வைத்தது. "மீதியைப் படி."

பன்றி படித்தது. முகத்தைச் சுளித்தது. "இது நீ எடுத்த ஓலை."

"பசிக்கு நான் கொடுத்தேன். தாகத்துக்கு நீ கொடு."

"மனசே வரல மாசிலாமணி."

"எனக்கும் முதல் நாள் வரல. கொடு."

பன்றி ஓலையை இன்னொரு தரம் படித்தது. பிறகு ஓர் அடி விலகியது. "வரிசையா வாங்க."

எல்லோரும் குடித்தார்கள். வரிசையின் கடைசியில், ஓட்டைக் கையில் பிடித்திருந்த ஆமைக்கும் பின்னால், தலையாவதற்கு எடுத்த ஓலையோடு நின்றது நரி.

அடுத்த புத்தாண்டில் மாசிலாமணி கூழைக்கடாவின் வாய்க்குள் ஒரே ஒரு தரம் கையை விட்டது. என்ன வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் விடியுமுன்னே பாக்கியத்தையும் எழுப்பிக்கொண்டு எங்கோ கிளம்பிவிட்டது.

நீதி: கேட்ட வசனத்தின்படி நாள்தோறும் நடப்பதே விசுவாசம்.