தகரக் கதவு

கொள்ளிடக் கரையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஒரு தகரக் கதவு வரும். உள்ளே ஓட்டுக் கொட்டகை ஒன்று, ஒரு கிணறு, நாலு பாத்தி கீரை. அங்கே இருக்கும் அம்மையைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அம்மைக்கு வயது நாற்பத்திரண்டுதான். முன்பு ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்தவர். காவி கட்டுவதில்லை, பிரசங்கம் செய்வதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். அதுவும் எல்லா நேரமும் சொல்ல மாட்டார்.

ஒரு புதன்கிழமை காலையில் பூவராகன் வந்தார். ஐம்பத்தொன்பது வயது. துணை தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். சட்டைப்பையில் செல்போன் சத்தம் போட்டது. எடுத்தார், படித்தார், சிரித்தார், ஏதோ தட்டினார், திரும்பப் பையில் போட்டார்.

"சொல்லுங்க."

"மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா."

"மனசா, கட்டைவிரலா?"

பூவராகனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னைச் சின்னப் பிள்ளைனு நெனச்சுட்டீங்களா? பதினோரு வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். தினம் காலையில ஆறு மணிக்குப் பதினொண்ணுலயும் ஒரு ஞானக் கதை போடறேன். ஒருநாள் தவறினதில்ல. குரு, சிஷ்யன், சோதனை எல்லாம் எனக்கு அத்துப்படி."

"அப்புறம் எதுக்கு சார் இங்க வந்தீங்க?"

பூவராகன் சட்டைப்பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

போன மாதம் அவர் மனைவி தையல்நாயகி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். "என்னங்க" என்று கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேன்" என்றார் அவர். அப்போது திண்டிவனத்தில் பழைய சகா ஒருவரின் அம்மா கீழே விழுந்துவிட்ட செய்தி குரூப்பில் வந்திருந்தது. 'அம்மா விரைவில் நலம் பெற வேண்டுகிறேன்' என்று எழுதிக்கொண்டிருந்தார். எழுதி, கைகூப்பும் படம் மூன்று போட்டார். அதன் கீழே வயதானவர்கள் விழாமல் இருக்க ஒரு வீடியோ வந்தது, அதையும் பார்த்தார். அதிலிருந்து இன்னொன்று. எழுந்து போனபோது தையல்நாயகி தானே சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"இனிமே உங்கள வாய் விட்டுக் கூப்பிட மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து கூப்பிடவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று சொன்னாள். "ஒரே ஒரு வேளை சோறு. போன் இல்லாம என் எதிர்ல உக்காந்து சாப்பிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். முடியலன்னா சிதம்பரத்துல தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வர மாட்டேன்."

"சாப்பிட வேண்டியதுதானே?" என்றார் அம்மை.

"திங்கக்கிழமை குழம்பு வரைக்கும் தாங்கினேன். செவ்வாய்க்கிழமை அப்பளம் பொரிச்சு எடுத்துட்டு வர்றதுக்குள்ள போனைக் கையில எடுத்துட்டேன். அவ அந்த அப்பளத்தைத் தட்டுல வெச்சுட்டு உள்ள போயிட்டா." அவர் குரல் இறங்கியது. "முப்பத்தோரு வருஷம்மா. அவ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? இந்தாங்க, இதை நீங்களே வெச்சுக்குங்க."

போனை நீட்டினார். அம்மை வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு சார்? உங்களுது, நீங்களே வெச்சுக்குங்க. இங்க நீங்க ஒரு வேலை பாக்கணும். இது எப்ப சத்தம் போட்டாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்து, வாங்கனு சொல்லிட்டு வரணும்."

"யாரை?"

"கூப்பிட்டவங்களை."

"சத்தம் போடாம நானா எடுத்துப் பாத்தா?"

"அப்பவும் போய்த் திறங்க. யாராவது வராங்களானு ரோட்டை ரெண்டு பக்கமும் பாத்துட்டு வாங்க."

கொட்டகையிலிருந்து கதவுக்கு நாற்பது அடி இருக்கும். பூவராகன் நடந்தார். கதவைத் திறந்து, காலி ரோட்டைப் பார்த்து "வாங்க" என்றார். திரும்பி வந்து உட்காருவதற்குள் பை மறுபடி சத்தம் போட்டது. மறுபடி நடந்தார். மதியத்துக்குள் அவருக்கு முழங்கால் வலித்தது. புல்லுக்கட்டோடு போன ஒரு பெண் நின்று, "யாரைங்க கூப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லம்மா."

"அப்ப எதுக்கு வாங்கன்னீங்க?"

அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று இரவு பூவராகன் அங்கேயே தங்கிக்கொண்டார். மறுநாள் வியாழக்கிழமை. காலையில் கீரைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பூவராகன் கேட்டார்.

"அம்மா, ரயில்வே கேட்ல ரெண்டு பக்கமும் வண்டி நின்னு ஹாரன் அடிப்பாங்களே. எப்படித் தாங்கினீங்க?"

"அடிப்பாங்க. திட்டுவாங்க. ஒரு தடவை மாப்பிள்ளையோட அப்பா ஒருத்தர், முகூர்த்தம் போகுதுன்னு காலைத் தொடவே வந்துட்டார். திறக்கல."

"மனசு இளகலையா?"

"இளகுச்சு. ஆனா ரயில் வந்துக்கிட்டு இருந்துச்சே. ஹாரன் சத்தத்துக்கெல்லாம் கேட்டைத் திறக்க முடியாது."

பூவராகன் வாளியைக் கீழே வைத்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. அம்மை அடுத்த பாத்திக்கு நகர்ந்துகொண்டே மீதியையும் சொன்னார். "ஆனா ரயில் போன அடுத்த நிமிஷம் திறந்துடணும் சார். அதுக்கப்புறமும் மூடி வெச்சிருந்தா அது என் தப்பு."

அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அதற்குள் போனை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தார். 'ஹாரன் சத்தத்துக்கெல்லாம் கேட்டைத் திறக்காதே, குரு சொன்னார்.' மீதியைச் சேர்த்தால் நீளமாகிவிடும் என்று விட்டுவிட்டார். கீழே ஒரு தாமரைப் படம் போட்டுப் பதினோரு குரூப்புக்கும் அனுப்பினார்.

அடுத்த நிமிஷம் பதில்கள் வரத் தொடங்கின. 'அருமை.' 'சிறப்பு சார்.' 'காலையிலேயே கண் திறந்துவிட்டீர்கள்.' கைதட்டும் படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் நாற்பது அடி போக, நாற்பது அடி வர. நடுவில் மழை வேறு தூறியது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலி ரோட்டைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

அம்மை கஞ்சி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பூவராகன் வேறு ஆளாக எழுந்தார். முகத்தில் ஒரு முறைப்பு இருந்தது. ஆறு மணிக்கு ஞானக் கதை போடவில்லை. பல வருஷத்தில் அதுதான் முதல் தடவை. காணோமே என்று விசாரித்துச் செய்திகள் வந்தபடி இருந்தன. பத்து மணி வரை நடந்தார். பிறகு ஒரு சத்தம் வந்தபோது எழுந்திருக்கவில்லை.

"சத்தம் கேட்டுச்சே சார்" என்றார் அம்மை. அவர் முறத்தில் கீரையைப் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கேட்டுச்சு. நான் போகல."

"ஏன்?"

"ஆளே இல்லாத ரோட்டுக்கு நான் ஏம்மா வாங்க சொல்லணும்? ஒரு தாலுகாவையே கட்டி ஆண்டவன் நான். ரெண்டு நாளா ரோட்ல போற ஆட்டுக்குக் கும்பிடு போட்டுக்கிட்டு இருக்கேன். இனிமே முடியாது. நீங்க சொன்னாலும் போக மாட்டேன். கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுங்க, அப்பவும் போக மாட்டேன்."

அம்மை சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்துப் பூவராகன் பார்க்கவில்லை.

"போகாதீங்க. யாரு உங்களைப் பிடிச்சுத் தள்ளறா?"

போன் சத்தம் போட்டது. அவர் அசையவில்லை. மறுபடி போட்டது. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் துடித்தது. அதை மற்றக் கைக்குள் பிடித்து வைத்துக்கொண்டார். பதினொன்றரை மணி வாக்கில் விரல் அடங்கியது. கிணற்று உருளையில் ஒரு குருவி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தார். அது தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தண்ணீரை எட்டிப் பார்த்தது. அது பறந்து போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேம்மா. அவ எதிர்ல உக்காந்து சாப்பிடுவேன். முழுசா சாப்பிடுவேன். மோர் வரைக்கும்."

"நல்லது சார்."

அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

தகரக் கதவு. விரல் மடக்கித் தட்டினாலே நன்றாகக் கேட்கும். அம்மை நிமிர்ந்து பார்த்தார். பூவராகன் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"தட்டறாங்க சார்."

"தெரியும்மா." அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது.

"நீங்கதானே கதவைப் பாத்துக்கறீங்க?"

"பாத்துக்கிட்டேன். போதும்."

இரண்டாவது தடவை தட்டினார்கள். முதல் தடவையைவிட மெதுவாக இருந்தது. பூவராகன் கண்ணை மூடிக்கொண்டார். இந்த இடத்தில் எனக்கே அவர் மேல் கோபம் வருகிறது. ஆனால் அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. தினம் ஒன்றாகப் பல வருஷம் அந்தக் கதைகளை அனுப்பியவர். எல்லாவற்றிலும் கடைசியில் குரு ஒரு சோதனை வைப்பார், அசையாமல் இருக்கிற சிஷ்யன் ஜெயிப்பான்.

மூன்றாவது தடவை ஒரே ஒரு தட்டோடு நின்றுவிட்டது. பிறகு இரும்பில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது.

அம்மை முறத்தை வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தபடி எழுந்தார்.

"உக்காருங்கம்மா" என்றார் பூவராகன் கண்ணைத் திறக்காமலே. "ஹாரனுக்கெல்லாம் கேட்டைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? போன் அடிச்சாலும் எழுந்திருக்க மாட்டேன், கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேன். யாரை வரச் சொல்லி ஏற்பாடு பண்ணியிருக்கீங்களோ, அவங்களைப் போகச் சொல்லிடுங்க. சோதனைன்னு எனக்குத் தெரியும்."

"என்ன சோதனை?"

அந்தக் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. பூவராகன் கண்ணைத் திறந்தார்.

"நான் யாரையும் வரச் சொல்லலையே சார். உங்க வீட்டுல நீங்க இங்க இருக்கறது தெரியுமா?"

"தெரியும். சொல்லிட்டுத்தான் வந்தேன்."

சொல்லி முடிக்கும் முன்பே எழுந்துவிட்டார். நாற்பது அடியை ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. கதவைத் தள்ளித் திறந்தார்.

யாரும் இல்லை. கதவோரம் நிழலில் அவர் வீட்டு டிபன் கேரியர் இருந்தது. நாலு அடுக்கு. மேலே, சேர்த்துச் சுருட்டி நூல் கட்டிய இரண்டு வாழையிலைகள் இருந்தன. இரண்டு இலை. கதவின் கொண்டியில் வீட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கேரியரைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சுட்டது.

"தையல்தான்மா" என்றார். "சாப்பிட வந்திருக்கா. இங்கயே என்கூட சாப்பிடலாம்னு ரெண்டு இலை எடுத்துக்கிட்டு வந்திருக்கா."

அம்மை அவர் பின்னால் வந்து நின்றிருந்தார். கரை மேலே பஸ் நிற்கும் பக்கமாக ஒரு கறுப்புக் குடை போய்க்கொண்டிருந்தது. வேகமாகவும் போகவில்லை, நிற்கவும் இல்லை. விழுந்த நாளிலிருந்து தையல்நாயகிக்கு இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்க வருகிறது. குடையும் அதற்கேற்ப ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது.

பூவராகனின் கை சட்டைப்பைக்குள் போனது. போனை வெளியே எடுத்தார். பதினோரு குரூப்பும் வரிசையாக நின்றன. அவள் பெயர் அவற்றுக்கெல்லாம் கீழே எங்கேயோ இருந்தது. கட்டைவிரலால் தள்ளித் தள்ளித் தேடினார். கண்ணில் தண்ணீர் நிறைந்து எழுத்து கலங்கியது.

"என்ன சார் தேடறீங்க?"

"அவ நம்பரும்மா. ஒரு நிமிஷம். அங்கயே நில்லு, வந்துட்டேன்னு ஒரு போன் பண்ணிடறேன்."

அம்மை குடையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அவங்க போன்லயா வந்தாங்க சார்?"