பிறவிக் கருப்பு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்தக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் என் சித்தி சொன்னது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ராமபத்ரனுக்குக் காதோரமும் மேலுதடும் தடித்து அரித்தன. வாசலில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்க்கும் செங்கமலத்திடம் வந்து கத்தினார்.

"உன் அழுக்குதான் எனக்கு ஒட்டிக்கிச்சு. நாளைக்கு இங்க வண்டி நிக்கக் கூடாது!"

"உங்க சட்டையத்தான் தேச்சேன் சார், மீசைய இல்ல."

கூட்டம் சிரித்தது. ஊர்த்துணி முழுக்கத் தேய்ப்பவளின் அழுக்கு இவருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டதாம்!

அங்கேயே குடியிருந்த தோல் மருத்துவர் ஃபரிதா ஒவ்வாமை ஆராய்ச்சி செய்பவர். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, சில நாளில் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்.

"ஒட்டுங்க! இவ கஞ்சி, தண்ணி எல்லாத்தையும் ஒட்டுங்க!"

"தலைச்சாயத்தையும் ஒட்டுங்கம்மா," என்றாள் செங்கமலம்.

"சாயமா? நான் தொட்டதே இல்ல. இது பிறவிக் கருப்பு!"

"தொடாத பொருளுக்கு ஏன் சார் பயப்படுறீங்க?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் மறுக்க முடியவில்லை.

சில நாள் கழித்து முதுகில் ஒட்டியதைப் பிரித்தபோது, கஞ்சியும் தண்ணீரும் பட்ட இடங்களில் ஒன்றுமில்லை. சாயம் பட்ட இடம் சிவந்து கொப்பளித்திருந்தது.

"முதல் தடவை பட்டதால வந்திருக்கு," என்று சொல்லிவிட்டுத் தலைவர் சட்டையை மாட்டிக்கொண்டார். வண்டி அங்கேயே நின்றது. ஆனால் அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தலைவர் சொன்னது சரியா என்று பிறகு மருத்துவப் பாடநூலில் தேடினேன். முதல் முறை பட்டவுடன் இந்த ஒவ்வாமை பொதுவாக வராது. அந்தப் பொருள் ஏற்கெனவே பட்டுப் பழகிய ஆளுக்குத்தான் வரும்.