வாகைக்கு மேலே

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தாறு. இணைய விளம்பரத் தொழிலில் இப்படித்தான் இருக்கும் என்று கோயம்புத்தூரில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

குருவின் பெயர் யாழினி. காந்திபுரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் கடைக்காரர்களுக்கு இணையத்தில் விளம்பரம் செய்யக் கற்றுத் தருகிறாள். சீடர் நாச்சிமுத்து. பீளமேட்டில் மாவரைக்கும் கிரைண்டர் செய்து விற்பவர்.

மூன்று வருடங்களுக்கு முன் வாகை கிரைண்டர்ஸ் என்று ஒரு கடை இணையத்தில் முளைத்தது. அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்கு வரும் ஆர்டர் பாதியாகிவிட்டது. தீபாவளிக்குள் நிலைமை மாறாவிட்டால் பட்டறையில் இருக்கும் ஒன்பது பேரில் நான்கு பேரை அனுப்பியாக வேண்டும். எந்த நான்கு பேர் என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

எல்லா வகுப்பிலும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"வாகைக்காரனுக்கு மேல என் விளம்பரம் வரோணும் அம்மணி. அதுக்கு வழி சொல்லுங்க."

யாழினி வேறு ஏதேதோ சொல்லிக் கொடுத்தாள். அவர் அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய், விளம்பரம் மேலே வருவதற்காகக் கட்டும் ஏலத்தொகையை ஏற்றினார். வாகை என்று யாராவது தேடினால்கூடத் தன் விளம்பரம்தான் முதலில் தெரிய வேண்டும் என்று அந்தப் பெயருக்கும் பணம் கட்டினார். எதிராளி சும்மா இருப்பானா? அவனும் ஏற்றினான்.

ஒரு புதன்கிழமை காலை நாச்சிமுத்து மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என் விளம்பரத்தையே காணோமுங்க அம்மணி! வாகைக்காரன் ஏதோ பண்ணிப்போட்டான்."

"உட்காருங்கண்ணா. காணோம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"தேடிப் பார்த்தனுங்க. மேல அவன் நிக்கறான். நான் கீழகூட இல்லீங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேடுவீங்க?"

நாச்சிமுத்து கொஞ்சம் கூச்சப்பட்டார். "எந்திரிச்சதும் பார்ப்பனுங்க. டீ குடிக்கறப்ப. பட்டறைல கரண்ட் போனா அப்ப. ஒரு முப்பது நாப்பது தடவை இருக்கும்."

"தேடிட்டு உங்க விளம்பரத்தை அமுக்குவீங்களா?"

"ஒவ்வொரு தடவை அமுக்குனாலும் என் காசுதானுங்களே போகும்? பார்க்கறதோட சரி."

யாழினி தன் செல்போனை அவரிடம் நீட்டினாள். "இதுல தேடுங்க."

அவர் ஒற்றை விரலால் கிரைண்டர் என்று அடித்தார். திரையில் முதலில் வந்தது அவருடைய கடைதான். வாகை இரண்டாவது இடத்தில் இருந்தது.

"இதுல வருது! என்ற போன்ல ஏன் வரல?"

"இந்த மனுசன் தினமும் கிரைண்டர் தேடறாரு, இந்த விளம்பரத்தைப் பார்க்கறாரு, ஒருநாளும் தொடறதில்ல. இவருக்கு இது வேண்டாம் போலன்னு மெஷின் முடிவு பண்ணிருச்சு. உங்களுக்குக் காட்டறத மட்டும் நிறுத்திருச்சு."

நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். மூன்று வருடத்து ஆசை நிறைவேறிய சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"அப்ப நான்தான் மேல நிக்கறனா?"

"ஆமாங்கண்ணா."

"எப்ப இருந்துங்க?"

யாழினி கணினியில் அவர் விளம்பரக் கணக்கைத் திறந்து பார்த்தாள். "இன்னையோட பதினேழு நாள்."

"பதினேழு நாளா!"

"இந்தப் பதினேழு நாள்ல எத்தனை ஆர்டர் வந்துச்சு?"

சிரிப்பு நின்றது. அவர் விரல்விட்டு எண்ணப் பார்த்தார். அதற்கு அவ்வளவு விரல் தேவைப்படவில்லை.

"ரெண்டுங்க."

"முன்னாடி?"

"அப்பவும் அதே கணக்குத்தானுங்க." பட்டறையில் இருக்கும் ஒன்பது முகங்களும் அவர் முன்னால் வந்து நின்றன. "மேல வந்தும் எதுக்குங்க அம்மணி இப்படி?"

யாழினி அவருடைய இணையக் கடைப் பக்கத்தைத் திறந்து கணினியை அவர் பக்கம் திருப்பினாள். வந்தவர்கள் கேள்வி கேட்கும் இடம் அது. வரிசையாகக் கேள்விகள் இருந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை.

"முதல்ல இருக்கறதப் படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் சத்தமாகப் படித்தார். "எனக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பாத்திரத்தைத் தூக்காமல் மாவை எடுக்கிற மாதிரி கிரைண்டர் உண்டா? இப்படிக்கு, சரோஜினி, தர்மபுரி."

படித்து முடிப்பதற்குள் அவருக்குத் தொழில்காரனின் வேகம் வந்துவிட்டது.

"ஏனில்லாம? சாய்ச்சு ஊத்தற மாதிரி நம்மகிட்ட இருக்குதுங்களே! கைப்பிடியை நானே மாத்தி வச்சேன். ஒத்தைக் கையிலயே சாய்ச்சுப்போடலாம். எங்க வீட்டுக்காரிக்காகப் பண்ணுனது."

"அதை எழுதுங்க."

அவர் எழுதக் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். மறுகை தானாகவே சட்டைப்பையில் இருந்த செல்போனுக்குப் போனது.

"ஒரு நிமிசம் அம்மணி. இதே மாதிரி கேள்விக்கு வாகைக்காரன் என்ன பதில் போட்டிருக்கான்னு பார்த்துட்டு எழுதிடறேன்."

"அந்தம்மா அவரைக் கேக்கலீங்கண்ணா," என்றாள் யாழினி. "உங்களைக் கேட்டாங்க. கேட்டுப் பதினொரு நாளாச்சு."