கறவைக்கு அகத்தித் தழை

“ஜெபத்துல உட்கார்ந்தா மக முகம் வந்து நிக்குது. இதை எப்படி அறுக்கறதுங்க, அம்மா?”

கேட்டவர் செங்கோடன். அறுபதைத் தாண்டியவர். மகள் கோகிலா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனதும், வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். ஏழு வருஷமாகிறது. மடத்துப் பசு அவர் பொறுப்பு.

மடத்தை நடத்தும் அருளம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

அவள் அவர் கறந்து கொண்டுவந்த செம்பை எட்டிப் பார்த்தாள்.

“பாதிகூட இல்லையே.”

“வயிறு நிறையத்தான் போடறேங்க.”

“என்ன போடறீங்க?”

“திப்பி. அதோட வைக்கோல்.”

ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சும் சக்கைதான் திப்பி. அந்தப் பக்கத்து மாடுகளெல்லாம் அதைத் தின்றுதான் வளர்ந்தன.

அருளம்மை கொட்டகைக்குப் போனாள். பசுவின் விலாவைத் தடவினாள். எலும்பு தட்டுப்பட்டது.

“திப்பியில வயிறு நிறையும். அது மட்டும் போதாது. புண்ணாக்குக்கு நான் சொல்லி வைக்கறேன். பச்சைத் தழை வேணும். அகத்தி எங்க கிடைக்கும்?”

செங்கோடன் கயிற்றை அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

“ஆத்தோரம் வெத்தலைக் கொடிக்கால்ல இருக்குங்க. கொடி ஏறறதுக்கு அகத்தி நட்டிருப்பாங்க.”

“போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க.”

“அது என் மக வீட்டுக் கொடிக்காலுங்க.”

“பசுவுக்கு அது தெரியாதே.”

மறுநாள் விடிந்ததும் போனார்.

கோகிலா வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வரப்பில் ஆள் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார்.

“என்ன வேணும்?”

“அகத்தித் தழை.”

“யாருக்கு?”

“மடத்து மாட்டுக்கு.”

தொரட்டியை எடுத்தாள். இளங்கொப்புகளாகப் பார்த்து இழுத்துப் போட்டாள். ஒரு கட்டுக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. அப்போதும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவரும் போதும் என்று சொல்லவில்லை.

கட்டைத் தூக்கிவிடும்போது தன் தலைத்துண்டை அவிழ்த்தாள். சும்மாடாகச் சுருட்டி அவர் தலையில் வைத்தாள்.

“பனி ஈரம். கழுத்துல சொட்டும்.”

அவ்வளவுதான் பேச்சு.

மடத்துக்கு வந்து தழையைத் தொட்டியில் போட்டார். பசு தலையைத் தூக்காமல் தின்றது. அவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஜெபத்துக்கு எழுந்து போகவில்லை.

அருளம்மை தேடிக்கொண்டு வந்தாள்.

“முன்னெல்லாம் கண்ணை மூடினாத்தான் வருவா,” என்றார் செங்கோடன். “இப்ப திறந்திருந்தாலும் நிக்கறா. அறுக்க வழி கேட்டேன். நீங்க அங்கயே அனுப்பிட்டீங்க.”

பசு கடைசிக் கொப்பையும் இழுத்து மென்றது. தொட்டி காலியானது.

அருளம்மை அதைப் பார்த்தாள்.

“கறவை மாட்டுக்கு ஒரு நாள் தழை போதுமாங்க, ஐயா?”