செருப்புக் காத்த ஞானாம்பிகையார் எழுத்தைக் காதில் சேர்த்த கதை

திருமொழியூர்க் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் வருவோர் செருப்பைக் காத்து வந்தவர் ஞானாம்பிகையார். காலையில் வாசலைப் பெருக்கிக் கோலமிட்டு, கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டுவிட்டுத் தம் தகரக் கொட்டகையில் அமர்வார். முதலில் வந்து சேரும் செருப்பைத் துணியால் துடைத்து, "நம்ம மொழிகாத்த நாதரப் பாக்க வந்த காலு" என்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

உள்ளே ஓதுவார் பாடும் பதிகத்தை வாசலில் இருந்தபடியே கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றியிருந்தார். படித்தறியும் வழி அவருக்கு இல்லை. சிறு வயதில் பள்ளியில் ப-வும் ம-வும் ய-வும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி மேலேறி வந்து கலந்துவிடும். அடி வாங்கி அலுத்து, நான்காம் வகுப்போடு நின்றுவிட்டார். "பேரு மட்டும் ஞானாம்பிகை" என்று ஊரார் சிரித்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவ்வூர் இறைவனை எழுத்து வராத பிள்ளைகளின் தெய்வம் என்பார்கள். பெற்றோர் தொலைவிலிருந்தெல்லாம் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். குருக்கள் செம்பருத்திக் காம்பைத் தேனில் தோய்த்துப் பிள்ளையின் நாவில் எழுதுவார். சந்நிதியில் சிரித்த பிள்ளை, செருப்பு மாட்ட வெளியே வரும்போது அழுதுகொண்டு வரும். "சாமிகிட்டயே கூட்டியாந்தாச்சு. இனியும் தப்பா படிச்சே, தோல உரிச்சுடுவேன்" என்று தகப்பன் அதட்டிக்கொண்டிருப்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் ஞானாம்பிகையார், 'ஐயனே, உன்னைத் தேடி வந்ததுங்க எல்லாம் உன் அடியாருங்கதானே. செருப்பத் தவிர அதுங்களுக்கு நான் என்ன செய்ய?' என்று கோபுரத்தைப் பார்த்துக் கேட்பார்.

அந்தக் கேள்விக்கு விடை பெனசீர் டீச்சர் உருவில் வந்தது. கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கான சிறப்பாசிரியர் அவர். பிள்ளைகளைச் சுற்றுலாவாக அழைத்து வந்தவர், அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் ஞானாம்பிகையார் தம் எழுத்துக் கதையைச் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு அறிவு குறைவுன்னு யாரு சொன்னா? சில பேருக்குக் கண்ணு வழியா எழுத்து ஏற லேட்டாகும், அவ்வளவுதான். போன் வச்சிருக்கீங்களா?"

தம்பி கொடுத்த, முகம் விரிசல் விட்ட போன் ஒன்று இருந்தது. டீச்சர் அதில் காசில்லாமல் கிடைக்கும் ஒரு செயலியை இறக்கினார். கோயில் தலவரலாற்றுப் பலகையைப் படம் எடுத்தார். போன் உடனே அதைப் படிக்கத் தொடங்கியது. படிக்கப் படிக்க ஒவ்வொரு சொல்லும் திரையில் மஞ்சளாய் ஒளிர்ந்தது. அத்தனை ஆண்டுகளாகத் தம் தலைக்கு மேலே தொங்கிய பலகை என்ன சொல்கிறது என்பதை ஞானாம்பிகையார் அன்றுதான் அறிந்தார்.

"இன்னொரு தடவ போடுங்க டீச்சர்" என்றார். கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எழுத்துகளைப் பெரிதாக்கி வரிகளை விலக்கிக் காட்டவும், வாயால் சொன்னதைப் போனே எழுதிக் காட்டவும் டீச்சர் பழக்கிவிட்டுப் போனார். மறுநாள் முதல் அதுவே ஞானாம்பிகையாரின் தொண்டாயிற்று. அழுதுகொண்டு வரும் பிள்ளையைக் கொட்டகைக்குள் அழைப்பார். "எனக்கும் படிக்கத் தெரியாது கண்ணு. வா, ரெண்டு பேரும் கேப்போம்" என்பார். தம்மைப் போல ஒரு பெரியவளும் இருக்கிறாள் என்றதும் பிள்ளையின் அழுகை நின்றுவிடும். உள்ளூர்ப் பிள்ளைகள் மாலையில் பாடப் புத்தகத்தோடு வந்து கூடினார்கள்.

அவர்களில் ஒருத்தி வேம்பு. ஒன்பதாம் வகுப்பு. கேட்டதை மறக்காதவள், ஆனால் ஒரு பத்தி படிக்கச் சொன்னால் வியர்த்துப்போவாள். இந்த ஆண்டும் தேறவில்லையென்றால் நூல் மில்லுக்கு அனுப்பிவிடுவதென்று அவள் தகப்பன் ராசப்பன் முடிவு செய்திருந்தான். அவளோ போன் படிக்கும் சொல்லை விரலால் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்தாள். முதலில் விரல் பின்தங்கியது. பிறகு கூடவே போயிற்று.

இது பொறுக்காதவர் தேங்காய்க் கடை உலகநாதன். "கையெழுத்துப் போடத் தெரியாதவ பாடம் நடத்துறாளாம்" என்றார்.

"நான் எங்கண்ணே நடத்துறேன்? போனு நடத்துது. நானும் பெஞ்சுல ஒக்காந்திருக்கேன்" என்றார் ஞானாம்பிகையார்.

இவர் செருப்பைக் கவனிப்பதில்லை என்று உலகநாதன் கோயில் அலுவலகத்தில் சொல்லி வைத்தார். செருப்புக் காக்கும் அந்த ஆண்டுக் குத்தகை வேறொருவருக்குப் போயிற்று. ஞானாம்பிகையார் செருப்புத் தட்டுகளைத் துடைத்துப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டு, மடைப்பள்ளிப் பாத்திரம் தேய்க்கும் வேலையில் சேர்ந்தார். பிள்ளைகள் முகம் வாடி நின்றார்கள்.

"கிழக்கு வாசல் போனா என்ன? ஐயனுக்குச் சுத்திலும் மதிலு இருக்கு" என்று சொல்லி, வடக்கு மதில் ஓரம் பாயை விரித்தார். மாலை வகுப்பு ஒருநாளும் தடைபடவில்லை.

விசயதசமி வந்தது. சுவாமி பல்லக்கில் வீதியுலா புறப்பட்டார். ஓதுவாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் பதிகம் பாட ஆளில்லை. நாகசுரம் ஓய்ந்த வேளையில் பல்லக்கு வடக்கு வீதியில் திரும்பியபோது, மதில் ஓரத்திலிருந்து பதிகம் கேட்டது. பாடியது போன். கோயிலில் கொடுத்த பதிகத் தாளைப் படம் எடுத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த விறைத்த குரலைக் கேட்டு உலகநாதன் உட்படக் கூட்டமே சிரித்தது. அந்த நேரம் பார்த்துச் சார்ஜ் தீர்ந்து, பாதிப் பாட்டில் போன் அணைந்தது.

தாளின் மேல் வேம்புவின் விரல் மட்டும் நிற்கவில்லை. ஒரு சொல், அடுத்த சொல் என்று வாய்விட்டுப் படித்தாள். இடையில் ஒருமுறை தடுக்கி, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்கினாள். சிரிப்பு அடங்கிற்று. பல்லக்குச் சுமந்தவர்கள் அடி எடுத்து வைக்க முயன்றார்கள். தோளில் மலை ஏறியது போலிருந்தது.

"என்னப்பா, ஏன் நின்னுட்டேள்?" என்றார் குருக்கள்.

"சாமி நகர மாட்டேங்குறாருங்க."

கடைசி வரியை அவள் படித்து முடித்ததும் தோள்கள் இலேசாயின. அப்போது இறைவன் திருத்தோளில் கிடந்த மகிழம்பூ மாலை, காற்றில்லாத வேளையில் நழுவி, பாயோரம் கைகூப்பி நின்ற ஞானாம்பிகையாரின் காலடியில் விழுந்தது. குருக்கள் அருகில் வந்து அதை எடுத்து அவர் கழுத்திலேயே இட்டார். கூட்டம் கைகூப்பியது. உலகநாதன் கையும் குவிந்தது.

ராசப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகளின் கையைப் பிடித்தான். "நீயா படிச்சே?" என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். "மில்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ படி" என்றான். பின்னாளில் பெனசீர் டீச்சர் அவளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் வாங்கித் தர, வேம்பு நன்றாகவே தேறினாள்.

அன்று குருக்கள் ஞானாம்பிகையாரிடம், "சுவாமியே நின்னு கேட்டுட்டார். கோயில்லேர்ந்து உனக்கு என்னம்மா வேணும், சொல்லு" என்றார்.

அவர் சற்றே யோசித்தார். "பிள்ளைங்க கூடிப் போச்சு சாமி, பின்னால இருக்கறதுகளுக்குப் போன் சத்தம் கேக்கல. ஒரு ஸ்பீக்கர் பொட்டி இருந்தா போதும்" என்றார்.

வடக்குப் பிராகார மண்டபமும் ஒலிபெருக்கியும் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. எழுத்துக்கு அஞ்சி அழுத குழந்தைகளை ஈசனின் அடியாராகவே கண்ட அந்த அம்மையாரின் கனிந்த மனம் வாழ்க.