வாசலோடு திரும்பிய விரால்

குழம்பு கொதித்துவிட்டது. மீன்தான் வரவில்லை.

தப்பு யாருடையது என்று கேட்டால் தவசிமுத்துவின் வாயுடையது என்றுதான் சொல்ல வேண்டும். சம்பந்தி கோயில்பிள்ளை வாத்தியார் ரொம்ப நாளைக்கப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார் என்றதும், "சந்தையில மீன் வாங்குனா எனக்குக் கெட்ட கோவம் வரும். நீ மாங்காயைப் போட்டுக் குழம்பைக் கூட்டி அடுப்புல வையி. கொதிக்கதுக்குள்ள விராலோட வாரேன்" என்று மனைவி ஞானப்பூவிடம் மார்தட்டினார். விடிந்ததும் மகள் ஜெசிந்தா, மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேத்தி நித்திலா எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஊர்ப் பெரிய குளத்துக்குக் கிளம்பினார். மகளும் மாப்பிள்ளையும் புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கரை மரத்தடியில் தூங்கிப்போனார்கள். தாத்தாவும் பேத்தியும் வள்ளத்தில் ஏறினார்கள்.

விரால் சிக்கத்தான் செய்தது. முழங்கை நீளம். வள்ளத்தில் போட்டதும் அது வாயைத் திறந்து திறந்து மூடியது. "தாத்தா, அது அதோட அம்மாவைக் கூப்பிடுது" என்று நித்திலா ஓவென்று அழுதாள். மனுஷன் என்ன செய்வார்? தூண்டில் முள்ளைக் கழற்றி, அவள் கையாலேயே அதைத் தண்ணீரில் விடவைத்தார். விட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் பயம் பிடித்தது. போன தடவை புழு டப்பாவைக் குளத்தில் கவிழ்த்ததற்கே, "இன்னொரு சேட்டை பண்ணு, அப்புறம் இந்த ஜென்மத்துல வள்ளம் கிடையாது" என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பேத்தி இல்லாமல் தவசிமுத்துவுக்கு வள்ளம் எதற்கு? யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருவரும் சத்தியம் பண்ணிக்கொண்டார்கள்.

இப்போது இலை போட்டாயிற்று. வாத்தியார் உட்கார்ந்தாயிற்று. ஞானப்பூ கரண்டியோடு நின்றாள்.

"மீன் எங்க?"

"அதத்தானே சொல்ல வாரேன்" என்றார் தவசிமுத்து. என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. "சம்மந்தி, கேட்டுக்கிடுங்க. தூண்டிலப் போட்டு ஒரு வெத்தில போடல, பிடிச்சுது பாருங்க! வள்ளத்தை அப்படியே இழுத்துக்கிட்டுக் குளத்தைச் சுத்துது. நிக்க மாட்டேங்குது. கரையில நின்ன கொக்கெல்லாம் எங்களயே பாத்துப் பாத்துத் தலை சுத்தித் தண்ணிக்குள்ள விழுந்துட்டு."

"கொக்கு நீச்சலடிச்சுதா?" என்றார் வாத்தியார். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். முகத்தில் ஒரு சிரிப்புக்கோடு விழாது.

"மயக்கத்துல எங்க நீச்சலடிக்க? அதை விடுங்க. மீனு ஒரு தடவை புரண்டு படுத்துது. குளம் ததும்பி மறுகால் பாஞ்சு வாய்க்காலே நிறைஞ்சிட்டு!"

"இந்தச் சித்திரையிலயா? நான் வாய்க்கால் வழியாத்தான் வந்தேன். காஞ்சில்லா கிடக்கு."

"வாய்க்காக்கரை வாழை அம்புட்டையும் குடிச்சிட்டு, சம்மந்தி. எத்தனை நாள் தாகம்!"

ஞானப்பூ தலையில் அடித்துக்கொண்டாள். நித்திலா வாயைப் பிளந்து தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்ததும் தவசிமுத்துவுக்குக் குஷி ஏறிவிட்டது. இனி கடிவாளம் ஏது?

"அப்பதான் அது முழுசா எழும்பிச்சு. தலை இந்தக் கரையில, வாலு அந்தக் கரையில. புதுசாப் பாலம் போட்டுட்டாங்கன்னு நினைச்சு டவுன் பஸ் டிரைவரு வண்டியை மீன் முதுகுல ஏத்திட்டாரு!"

"விரால் வழுக்குமே" என்றார் வாத்தியார்.

"வழுக்காமயா? அதான் கண்டக்டரு இறங்கி, முன்னால மணலைத் தூவிக்கிட்டே நடந்தாரு. பஸ்ஸு அக்கரை போயிச் சேருத வரைக்கும் நான் தூண்டிலை அசைக்கல. உள்ள புள்ளத்தாச்சிப் பொம்பள இருந்தா என்ன செய்ய?"

"அப்பா!" ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "நாங்க கரையிலதான இருந்தோம்? எங்க கண்ணுல ஒண்ணும் படலியே?"

"நீங்க எங்கம்மா முழிச்சிருந்திய? மரத்து நிழல்னு நினைச்சா படுத்திய? மரத்து நிழல்னா வெயில் ஏற ஏற நகந்து போயிருக்கணும்லா? உங்க மேல பொட்டு வெயில் பட்டுதா? படல. மீனு வாலை உசத்திக்கிட்டு, வெயில் நகர நகரத் தானும் நகந்து குடுத்துது. மாப்பிள்ளைக்குச் செஞ்ச மரியாதை!"

மாப்பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுத்திருக்கவில்லை. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

ஆகாசப் புளுகு எல்லாம் சரி. ஞானப்பூ மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. "அம்புட்டுப் பெரிய மீனு, இப்ப எங்கன்னு கேக்கேன்?"

வாழ்நாளில் முதன்முறையாகத் தவசிமுத்துவுக்குச் சரக்குத் தீர்ந்துபோயிற்று. ஜெசிந்தாவின் பார்வை மெல்ல மகள் பக்கம் திரும்பியது.

"நித்திலா, நீ சொல்லு. மீனை என்ன பண்ணுனிய?"

போச்சு, வள்ளம் போச்சு என்று தவசிமுத்து முடிவே கட்டிவிட்டார்.

நித்திலா எழுந்து நின்றாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். "மீனு எங்க கூடத்தான் வந்துச்சு. வாசல் வரைக்கும் வந்துச்சு. உள்ள நுழைய முடியல. தாத்தா கதவு நிலையைப் பேத்துரலாம்னாங்க. வேண்டாம், ஆச்சி ஏசுவாங்கன்னு அதுவே சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டு. பாவம், செருப்பைக்கூடக் கழட்டிட்டு நின்னுச்சு."

"மீனுக்கு ஏதுட்டி செருப்பு?"

"பெரிய மீனுல்லாம்மா."

தவசிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு வராத வித்தை பேத்திக்கு வந்துவிட்டது! சொத்து சுகம் எழுதிவைத்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. ஆனால் ஜெசிந்தா விடுவதாக இல்லை. இடுப்பில் கையை வைத்தாள். "ரெண்டு பேரும் சேந்து என்னமோ மறைக்கிய. மாமா, நீங்களே கேளுங்க. நீங்க கேட்டா உண்மை வந்துரும்."

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் நித்திலாவைப் பார்த்தார். அவள் தாத்தாவின் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஞானப்பூ வேறு வழியில்லாமல் வெறும் மாங்காய்க் குழம்பை ஊற்றினாள். அவர் நிதானமாகப் பிசைந்து, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி மென்றார்.

"மதினி, அந்த நடுத்துண்டுல இன்னொண்ணு வைங்க" என்றார். "பஸ்ஸு போன மீனு, ஒத்த முள்ளு இல்ல பாத்தியளா?"